சந்தனக்காப்பில் தெரிந்த கண்கள்

எங்கள் ஊர் மாரியம்மன் எனக்குச் செய்ததைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. கோட்டுச்சேரிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் வேலை. போன வருடம் ஆலையில் தானியங்கி இயந்திரங்கள் வந்து இறங்கின. சான்றிதழ் இருந்தால்தான் அவற்றைத் தொடலாம், இல்லாதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் முதலாளி. அதனால்தான் காரைக்காலில் ஒரு சமுதாயக் கல்லூரியில் தொழில்துறைத் தொழில்நுட்பம் படிக்கச் சேர்ந்தேன்.

செய்முறைத் தேர்வு ஆயுத பூஜை விடுமுறை முடிந்த மறுநாள். விடுமுறைக்கு முன்பு ஆய்வகத்தில் பூஜை போட்டபோது, இயந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். வகுப்பில் மூத்தவன் என்பதுதான் தகுதி. மற்றவர்களின் இயந்திரங்களுக்கு ஆளுக்கொரு பொட்டு. தேர்வில் நான் இயக்கப்போகும் இயந்திரத்துக்கு மட்டும் மிச்சமிருந்த சந்தனம் முழுவதையும் அப்பினேன்.

தேர்வு இதுதான்: பெல்ட்டில் ஒரு பெட்டி வரும். சென்சார் அதைக் கண்டதும் பெல்ட் நிற்கும். ஒரு தண்டு பெட்டியைத் தட்டில் தள்ளும். ஒயர்களை இணைத்துப் பொத்தானை அழுத்தினேன். பெல்ட் அசையவில்லை. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி இணைத்தேன். அசையவில்லை.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பக்கத்தில் வந்தார்.

"என்னங்க, ஓடலையா?"

"யோசிக்குதுங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. "சீக்கிரம் யோசிக்கச் சொல்லுங்க. மணி ஆவுது."

ஆலை வேலை கண்முன்னே போய்க்கொண்டிருந்தது. மனத்துக்குள் அம்மனிடம் பேரத்தை ஆரம்பித்தேன். பால்குடம் என்றேன். மொட்டை என்றேன், அதற்குத் தலையில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. தீமிதிக்கிறேன் என்றும் சொல்லிவிட்டேன். தார் ரோட்டைச் செருப்பில்லாமல் தாண்டாதவன் நான். பெல்ட் அசையவில்லை. கொடுக்க வேறெதுவும் தோன்றாமல் கண்ணை மூடிக்கொண்டு, "அம்மா, எனக்கு ஒண்ணும் புரியல. நீயே பாத்துக்க" என்றேன். அன்று நான் செய்த முதல் பிரார்த்தனை அதுதான்.

மூடிய கண்ணுக்குள் அவள் வந்தாள். ஆடி வெள்ளியில் பார்ப்பேனே, அதே சந்தனக்காப்பு அலங்காரம். முகமெல்லாம் சந்தனம். கண்களை மட்டும் பூசாரி மூடாமல் விட்டிருந்தார்.

கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தேன். சென்சாரின் கண்ணாடி முழுக்கக் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். எதிரே ஏதோ பெட்டி நிற்கிறது என்று நினைத்து, அது பெல்ட்டை ஓடவிடாமல் பிடித்து வைத்திருந்தது. கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன். பெல்ட் ஓடியது. பெட்டி வந்தது, நின்றது, தட்டில் விழுந்தது.

தேர்வு முடிந்ததும் எங்களுக்குப் பாடம் எடுக்கும் மேடம் மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, அவ்வளவு சந்தனத்தை அப்புனது யாரு?"

"நான்தான் மேடம். துடைக்கச் சொன்னது அவ."

தேறினேன். இன்று அந்த ஆலை இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது நான்தான். ஆயுத பூஜை வந்தால் இரும்புச் சட்டத்தில் மட்டும் பொட்டு வைக்கிறேன். பால்குடம் எடுத்தாயிற்று, மொட்டையும் ஆயிற்று. தீமிதி பாக்கி. "வாயி முன்னாடி போயிட்டுதுல்ல, காலும் போவட்டும்" என்கிறாள் என் மனைவி. போகத்தான் போகிறேன்.

உங்களுக்கும் எதுவும் நகராத நாள் ஒன்று வரும். அன்றைக்கு என்னைப்போல் பேரம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். தெரியவில்லை என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். எனக்குக் காட்டியவள் உங்களுக்கும் காட்டுவாள்.