வாக்குச் சர்க்கரை

செருப்பைக் கழற்றியதும் ரஹீமுன்னிசா முதலில் தன் பாதங்களைத் திருப்பிப் பார்ப்பார். கல் குத்தியிருக்கிறதா, தோல் உரிந்திருக்கிறதா என்று. அது முடிந்ததும் கூடத்தில் உட்காராமல் நேரே சமையலறைக்குள் போவார். பெண் வீடானாலும் மாப்பிள்ளை வீடானாலும் இதே வழக்கம்தான். பிரியாணி தேக்சா தம்மில் இருந்தால் மூடியைத் தொடமாட்டார். மேலே கொட்டிய கரி எவ்வளவு கனிந்திருக்கிறது என்று மட்டும் குனிந்து பார்ப்பார். "இன்னும் தம்மு உடைக்கலியா? அப்ப எனுக்கு வேலை இல்ல" என்பார். பிறகுதான் அந்த வீட்டம்மாவுக்கு சலாம்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை அவர் சேர்த்துவைத்த குடும்பங்கள் எத்தனையோ. கல்யாணத் தரகு அவர் தொழில். சர்க்கரை நோய் அவருக்குப் பல வருடத் துணை. மாத்திரையில் தொடங்கி இப்போது சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின். இந்த இரண்டும் ஒரே உடம்பில் இருப்பது சுலபமில்லை. தரகர் கைநனைக்காமல் எழுந்து போன வீட்டில் சம்பந்தம் கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. ஆகவே அவர் எங்கே போனாலும் சாப்பிட்டே ஆகவேண்டும்.

ஆரம்பத்தில் வீட்டிலிருந்து டப்பாவில் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறார். "ஒரு வூட்ல டப்பாவத் தொறந்தேன். 'ஏன்க்கா, எங்க வூட்டு சோறு கலீஜா?'ன்னு கேட்டுட்டாங்க. அந்த சம்பந்தமே புட்டுக்கிச்சு. அன்னியோட டப்பாவ மூட்ட கட்டி வெச்சிட்டேன்."

அதன் பிறகு அடுத்தவர் தட்டில் சாப்பிடக் கற்றுக்கொண்டார். முதலில் வெள்ளரிக்காயும் வெங்காயமும். பிறகு கறி, அதையும் நிதானமாக எலும்போடு கடித்து. கடைசியில்தான் சோறு, அதுவும் ஒரு கரண்டி. மறு கரண்டி வருவதற்குள் தட்டின் மேல் கையை விரித்துவிடுவார். பிரெட் அல்வாவை ஒதுக்கமாட்டார். விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்து, "நெய்யி நல்ல நெய்யி" என்று சான்று கொடுத்துவிட்டுத் தட்டை நகர்த்துவார். ஒரு ஸ்பூன்தானே என்று யாராவது கெஞ்சினால், "நீ ஒரு ஸ்பூன்ன்ற. என் ரத்தம் ஒத்துக்கணுமே" என்பார்.

ஊசியை ஒளித்துப் போடுகிறவர் அல்லர். பேனா போன்ற அந்த ஊசியை ஈரத்துணி சுற்றிய சிறு பையில் வைத்திருப்பார். வெயிலில் நிற்கும் ஆட்டோவில் அதை விட்டுவிட்டு இறங்கியதே இல்லை. சமையலறை மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி, முந்தானையை விலக்கி, வயிற்றில் போட்டுக்கொள்வார். எவ்வளவு என்பதில் டாக்டர் சொன்னதுதான் கணக்கு. எப்போது என்பதில் அவரே வைத்துக்கொண்ட சட்டம் ஒன்று உண்டு. "அடுப்புல கீற சோத்த நம்பி ஊசி போடாத. தட்டுல வுழுந்த சோத்த நம்பிப் போடு."

அந்தச் சட்டத்தை அவர் மீறிய நாளில் நானும் அதே சமையலறையில் இருந்தேன். தண்டையார்பேட்டையில் என் பக்கத்து வீட்டு ஷாஜிதாவின் மகள் ஃபராவுக்குச் சம்பந்தம் பேசிய நாள். பாத்திரம் எடுத்துக் கொடுக்கப் போயிருந்தேன்.

மாப்பிள்ளை தப்ரேஸ் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர். எல்லாம் பிடித்துப்போய் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. ஃபரா ஒரு கண்டெய்னர் கிடங்கின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள்; கல்யாணத்துக்குப் பிறகும் போவேன் என்கிறாள். மாப்பிள்ளையின் பெரியத்தா, அதாவது அப்பாவின் அண்ணன் சௌக்கத் அலி கூடாது என்கிறார். அதை நேரில் பேசத்தான் அன்றைய விருந்து. பேச்சு முடிந்தால் தரகர் சர்க்கரைக் கிண்ணத்தைத் திறப்பார், இரு வீட்டாரும் ஒருவர் வாயில் ஒருவர் சர்க்கரை போட்டுக்கொள்வார்கள். அதோடு வாக்கு விழுந்துவிடும். பிறகு யாரும் மாற்றிப் பேச முடியாது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு முக்காலியில், சிவப்புத் துணி மூடிய வெள்ளிக் கிண்ணத்தில் அந்தச் சர்க்கரை காத்திருந்தது.

தம் உடைத்தார்கள். வாசனை தெரு வரை போனது. கூடத்தில் விரிப்புப் போட்டுத் தட்டுகளும் வைத்தாயிற்று. ரஹீமுன்னிசா சுவர்ப்பக்கம் திரும்பி ஊசியைப் போட்டுக்கொண்டார். அந்த நேரம் கூடத்தில் யாருக்கோ போன் வந்தது. சௌக்கத் அலியின் ஆட்டோ எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டதாம். பெரியவர் வராமல் மாப்பிள்ளை வீட்டார் எப்படிக் கைநனைப்பார்கள்? ஷாஜிதா தேக்சாவை மறுபடி மூடினாள்.

"தோ வந்துடுவாரு" என்றார்கள். அந்தச் சாலையில் ஒரு லாரி நகர்ந்தால் இன்னொன்று நுழையும் என்பது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் ரஹீமுன்னிசாவின் மேலுதட்டில் வியர்வை பூத்தது. கைப்பையைத் திறந்தார். அது புதுப்பை. மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் பழைய பை வேண்டாமென்று மகள் வாங்கித் தந்தது. ஊசி இதற்கு மாறி வந்திருந்தது. ரத்தம் பார்க்கும் கருவி வந்திருந்தது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ளும் குளுக்கோஸ் பாக்கெட் மட்டும் பழைய பையிலேயே தங்கிவிட்டது.

"ஷாஜிதா, ஒரு டீ குடும்மா. சர்க்கரைய அள்ளிப் போட்டு."

ஷாஜிதா சிரித்தாள். "ஆசையப் பாரு! ஒங்களுக்கின்னே சர்க்கரை இல்லாம தனியா போட்டு வெச்சிகீறேன்க்கா." அன்பாக ஒரு தம்ளரை நீட்டினாள்.

"அய்ய, இது வேணாம். சர்க்கரை குடு."

"ஒங்க பொண்ணு என்னைத்தான் கேக்கும். எங்க மாமியாருக்கு இப்டித்தான், ஒளிச்சு ஒளிச்சு இனிப்பு துன்னு கால்ல புண்ணு வந்து..." என்று மாப்பிள்ளையின் அம்மா ஒரு கதையைத் தொடங்கினார். சர்க்கரை டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. அத்தனை பேரும் அவர் நன்மைக்காகத்தான் மறித்து நின்றார்கள். ஊசி போட்டவரைக் கொல்வது இனிப்பில்லாத நேரம்தான் என்பது எனக்கும் அன்று தெரியாது. நானும் டீத் தம்ளரைத்தான் அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் வாதாடவில்லை. வாதாடும் நேரம் கடந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சுவரைப் பிடித்து எழுந்தார். நேரே முக்காலிக்குப் போய், சிவப்புத் துணியை விலக்கி, வாக்குச் சர்க்கரையை ஒரு கைப்பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். பக்கத்திலிருந்த சொம்புத் தண்ணீரைக் குடித்தார்.

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒருவர், "மாஷா அல்லா! முடிஞ்சிடுச்சா?" என்றார். மாப்பிள்ளையின் அம்மா கதையை அப்படியே விட்டுவிட்டு ஷாஜிதாவைக் கட்டிக்கொண்டார். "பெரியத்தா வராமலேயேவா?" என்று ஒரு குரல் உறுமியது. உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்ற ஃபராவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். வேலையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, வாக்கு விழுந்துகொண்டிருந்தது.

ரஹீமுன்னிசா தரையில் சரிந்து உட்கார்ந்து, பேச முடியாத வாயோடு ஒரு கையைத் தூக்கினார். எல்லோரும் பேச்சை நிறுத்தும்வரை அந்தக் கையை இறக்கவில்லை. விரலைக் குத்தி, கருவியில் எண்ணைப் பார்த்து, அதை மாப்பிள்ளையின் அம்மாவிடம் காட்டினார்.

"இது வாக்கு இல்ல. மருந்து," என்றார். "ஊசி போட்டுகினேன், சோறு வர்ல, ரத்தத்துல சர்க்கரை எறங்கிடுச்சு. தப்பு என்னுது. அதுக்காக பொண்ணு தலைய உருட்டாதீங்க. பேச்சு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. நா இன்னும் ஃபராவக் கேக்கவே இல்ல."

உறுமிய குரல் விடவில்லை. "வாக்குச் சர்க்கரையில கை வெச்சா அபசகுனம்மா."

"தரகுக்காரி பொணமா கெடந்தா அது நல்ல சகுனமா நைனா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். சிறிது நேரம் கழித்து மறுபடி விரலைக் குத்திப் பார்த்தார். பிறகு ஷாஜிதாவைக் கூப்பிட்டு, "தேக்சாவத் தொற. என் தட்ட மட்டும் கொணாந்து வையி" என்றார். மாப்பிள்ளை வீட்டார் கைநனைப்பதற்கு முன்பே தரகர் சாப்பிட்டதை இந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை. அவர் நிதானமாகச் சாப்பிட்டார். வெள்ளரிக்காய், கறி, கடைசியில் சோறு.

பாதிச் சாப்பாட்டில் சௌக்கத் அலி நுழைந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. செய்தி அவருக்கு வாசலிலேயே கிடைத்திருந்தது.

"இன்னாம்மா, நா வர்றதுக்குள்ள சர்க்கரைய துன்னுட்டியாமே?"

"நீங்க லாரிக்குப் பின்னால நின்னுகினு இருந்தீங்க பாய். ஊசி உள்ள பூந்துடுச்சு. அது யாருக்கும் காத்துகினு இருக்காது." அவர் தலை நிமிரவில்லை. "ஒக்காருங்க. நா துன்னு முடிச்சிட்டு வரேன், அப்பால சண்ட போடலாம்."

சண்டைக்கு வந்தவர் உட்கார்ந்தார். கைகழுவி எழுந்த ரஹீமுன்னிசா திரைக்குப் பின்னால் போனார். திரும்பி வந்து கூடத்தின் நடுவில் நின்று சொன்னார்: "பொண்ணுக்கு மாப்ளையப் புடிச்சிகீது. வேலைய வுடாது. ரெண்டும் ஒரே பேச்சுதான், பிரிச்சு எடுக்காதீங்க."

சௌக்கத் அலி மோவாயைச் சொறிந்தார். "வூட்ல யாரு சோறு போடுவா?"

மூலையிலிருந்து தப்ரேஸ் முதல் முறையாக வாயைத் திறந்தார். "நானே ஷிஃப்டுல கீறேன் பெரியத்தா. எனுக்காக ஒருத்தி தட்டு வெச்சிகினு காத்துகினு இருந்தா, அதுக்கும் இந்த அக்கா கதிதான்."

பெரியவர் அவரைப் பார்த்தார். ரஹீமுன்னிசாவின் காலித் தட்டைப் பார்த்தார். "கட்டிக்கப் போறவனே சொல்லிட்டான். எனுக்கு இன்னா?" என்று கிண்ணத்தை எடுத்துவரச் சொன்னார்.

சர்க்கரை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போனது. திரைக்கு இந்தப்பக்கம் வந்து நின்ற ஃபரா, தன் கையால் ஒரு சிட்டிகை எடுத்து ரஹீமுன்னிசாவின் உதட்டருகே நீட்டினாள். அவர் வாயைத் திறக்கவில்லை. உள்ளங்கையைக் குவித்து வாங்கிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் போடு என்று கிண்ணத்தைக் கண்ணால் காட்டினார். கை நிறைந்ததும் ஒரு காகிதத்தில் கொட்டி, நான்காக மடித்து, புதுப்பையின் உள்ளறையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.