வெயிட்டிங் லிஸ்ட்டில் ஏழாவது பெயர்

திங்கட்கிழமை காலை சென்னைக்கு போன் போட்டேன். இருபது நாளாகத் தினமும் போடுகிற போன்தான். மெடிக்கல் கவுன்சலிங் ஆபீஸுக்கு. என் கடைசி மகள் வளர்மதிக்கு எம்.பி.பி.எஸ். வெயிட்டிங் லிஸ்ட்டில் ஏழாவது இடம். அதில் நாலு பேர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டார்கள். இன்னும் மூன்றே மூன்று சீட்டு காலியானால் போதும்...

"லிஸ்ட்டு க்ளோஸ் ஆயிடுச்சு சார். நாலோட நின்னுடுச்சு" என்றார் போனை எடுத்தவர்.

அவரே கேட்டார். "பி.டி.எஸ். எந்த காலேஜ் எடுத்திருக்கீங்க?"

"பல் டாக்டர் படிப்புங்களா? அத வாணாம்னுட்டோம். எடுத்தா இந்த வெயிட்டிங் போயிடுமே..."

"யாரு சார் சொன்னது? அத எடுத்தாலும் இதுல பேரு அப்படியேதான் இருக்கும். கவுன்சலிங் புக்குலயே போட்டிருக்குதே! இப்ப பி.டி.எஸ்.ஸும் ஃபுல் ஆயிடுச்சு சார்."

யார் சொன்னது? நான்தான் சொன்னேன். வேறு யார் சொல்வார்கள்?

நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவன் என்பது இந்தப் பத்திரிகையில் என் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பீங்கான் கம்பெனியில் களிமண் சுமந்தேன். இன்று சொந்த யூனிட். முப்பது பேர் வேலை பார்க்கிறார்கள். நான் செய்கிற பீங்கான் ஃபியூஸ் கட்டை மாட்டாத கரண்ட் கம்பம் இந்த ஜில்லாவில் குறைவு. யாரிடமும் யோசனை கேட்டு நான் முன்னுக்கு வரவில்லை. இதைப் பல முறை எழுதியிருக்கிறேன். எழுதும்போதெல்லாம் இனிக்கும். இந்த வாரம் இனிக்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சூளையிலிருந்து எடுத்த சரக்கைத் தட்டிப் பார்த்துப் பிரிப்போம். சத்தம் சுத்தமாக இருந்தால் ஃபர்ஸ்ட்ஸ். கொஞ்சம் கோணல், லேசாகப் புள்ளி விழுந்தது எல்லாம் செகண்ட்ஸ். ஒரு வியாபாரி ஒரே ஒரு தடவை செகண்ட்ஸ் வாங்கிவிட்டால் போதும். அதற்கப்புறம் அவன் வந்தாலே பையன்கள் செகண்ட்ஸ் குவியலைத்தான் காட்டுவார்கள். அவனுக்கென்று நல்ல சரக்கை யாரும் எடுத்து வைக்க மாட்டார்கள். சந்தையில் அவன் பெயர் அப்படி விழுந்துவிடும்.

கவுன்சலிங்கும் இப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பல் டாக்டர் சீட்டுக்குத் தலையாட்டினால் 'சரி, இவர்கள் இதற்குத்தான் லாயக்கு' என்று எழுதி, மேலே உள்ள லிஸ்ட்டில் பெயரை அடித்துவிடுவார்கள்... எந்தப் புத்தகத்தில் படித்தேன்? எதிலும் இல்லை. புத்தகத்தைப் படித்தவள் வளர்மதி. வரிவரியாகப் பென்சிலால் கோடு போட்டுப் படித்தவள்.

கவுன்சலிங்குக்குப் போகும் முன்பே வீட்டில் அவள் சொல்லிப் பார்த்தாள். "பல்லுன்னா என்னப்பா? அஞ்சு வருஷத்துல நம்ம ஊருலயே கிளினிக் வெச்சிடலாம்."

"வாய்க்குள்ள முப்பத்திரண்டு. அதோட உன் வேலை முடிஞ்சிடும். ஒடம்பு பூரா பாக்கறவன்தான் டாக்டரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் சம்சாரம் மட்டும் சிரிக்கவில்லை. "எந்த டாக்டரா இருந்தா என்னாங்க, வெள்ள கோட்டு ஒண்ணுதானே?" என்றாள். பொம்பளைக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

கவுன்சலிங் அன்று சென்னையில் எங்கள் நம்பரைக் கூப்பிட்டபோது மத்தியானம் ஆகிவிட்டது. அறைக்குள் ஒரு கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. "வளர்மதி, எம்.பி.பி.எஸ். முடிஞ்சிடுச்சும்மா. வெயிட்டிங்ல ஏழு. ஆனா பி.டி.எஸ். கவர்மெண்ட் காலேஜ்ல ஒரு சீட்டு இருக்கு. எடுத்துக்கிறியா?"

வளர்மதி என் பக்கம் திரும்பினாள். "அப்பா, அத எடுத்துக்கிட்டாலும்..." என்று ஆரம்பித்தாள்.

நான் கையைக் காட்டினேன். யூனிட்டில் நான் கையைக் காட்டினால் மிஷின்கூட நிற்கும்.

"வாணாம் மேடம். எங்களுக்குப் பெரிய டாக்டர்தான்."

"பொண்ணு சொல்லட்டுங்க."

"எம்பொண்ணு எம்பேச்சத் தாண்டாது மேடம்."

தாண்டவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள்... ஒரு பையனும் அவன் அம்மாவும். ஐந்து நிமிஷத்தில் அந்த அம்மா ஒரு காகிதத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே வெளியே வந்தார். நாங்கள் விட்ட சீட்டு! 'பாவம், செகண்ட்ஸுக்கே இந்த அழுகை' என்று வளர்மதி காதில் சொன்னேன். சொன்னேன் சார். மறைக்கவில்லை.

ரயிலில் விருத்தாசலம் ஜங்ஷன் வரும்வரை அவள் ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். அலுப்பு என்று நினைத்தேன்.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். போனை வைத்துவிட்டு உள்ளே போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பல்லு சீட்ட எடுத்தாலும் வெயிட்டிங்ல பேரு இருக்கும்னு ஒனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்பா."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேன்பா. நீங்க கையக் காட்டுனீங்க."

குரலில் கோபம் இருந்தால் நான் பிழைத்திருப்பேன். இல்லை. மணி கேட்டால் மணி சொல்கிற மாதிரிச் சொன்னாள். மறுபடி துணியை எடுத்து மடித்தாள்.

பணம் கட்டி ஒரு சீட்டு வாங்கலாமே என்பீர்கள். நானும் சொன்னேன். "ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சு மார்க்கு எடுத்தது இதுக்கு இல்லப்பா" என்றாள். அடுத்த வருஷம்? அதே பிளஸ் டூ மார்க்கை வைத்துக்கொண்டு புதிதாக எழுதி வருகிற பிள்ளைகளோடு நிற்க வேண்டும். கட்-ஆஃப் வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறது. பாயிண்ட் ஐந்து மார்க் வித்தியாசத்தில் நூறு பேர் நிற்கிற ஊர் இது. உள்ளூர் காலேஜில் ஒரு பி.எஸ்ஸி. இடம் இருந்தது. செவ்வாய்க்கிழமை அவளே போய்ச் சேர்ந்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன இருக்கிறது?

யூனிட்டுக்குப் போனால் பையன்கள் சரக்கைத் தட்டுகிற சத்தம் காதைக் குடைகிறது. வெளியே வந்து நின்றுவிடுகிறேன்.

புதன்கிழமை சாயங்காலம் ஒரு பெரியவர் மொபெட்டில் வந்து இறங்கினார். கம்மாபுரம் பக்கம். என் பத்தியை விடாமல் படிப்பவராம். மூன்று வாரத்துக்கு முன் இதே பக்கத்தில் 'என் வீட்டில் ஒரு டாக்டர்' என்று எழுதித் தொலைத்திருந்தேன், லிஸ்ட் முடிவதற்குள். அதைப் படித்துவிட்டு ஒரு கிலோ மைசூர்பாகோடு வந்திருக்கிறார்.

"டாக்டரம்மா எங்கைய்யா?"

வளர்மதி தண்ணீர்ச் செம்போடு வந்தாள். அவர் எழுந்து நின்றார்... பதினேழு வயசுப் பெண்ணுக்கு!

"எங்க பக்கம் நெலமெல்லாம் நெலக்கரி சொரங்கத்துக்குப் போவுதும்மா. இருக்கற கொஞ்ச சனத்துக்கு ஒரு ஊசி போடக்கூட ஆளு கெடையாது. படிச்சி முடிச்சிட்டு வாரத்துல ஒரு நாளாச்சும் வந்துட்டுப் போவியா?"

நான் அவருக்கு மறுபடி நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டாள். "சரிங்க மாமா. வரேங்க."

அவர் சந்தோஷமாகப் போய்விட்டார். பெயர் கேட்கவில்லை, விலாசம் தெரியாது. அதனால் இங்கேயே எழுதுகிறேன்: கம்மாபுரத்துப் பெரியவரே, என் மகளுக்குச் சீட்டு கிடைக்கவில்லை. கிடைத்ததைக் கெடுத்தவன் நான்.