ஒன்பதாம் நம்பர் ஜன்னல்

ரெட்டியார்பாளையத்தில் மூன்று மாடி வீடு, நான் நின்று கட்டியது. தட்டாஞ்சாவடியில் மரப்பட்டறை, ஓட்டைத் தகரக் கொட்டகையாக எடுத்து இன்று பன்னிரண்டு பேர் வேலை செய்கிற இடமாக ஆக்கியது. கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் இடிந்து விழ இருந்த பழைய பிரெஞ்சு வீடுகள் பதினான்கு. அத்தனையையும் நிமிர்த்தி நிறுத்தியவன் நான். மகளை வக்கீலுக்குப் படிக்க வைத்தேன், மகனை இன்ஜினியர் ஆக்கினேன். இவ்வளவும் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பத்து வயதில் சுண்ணாம்புச் சட்டி தூக்க வந்தவன் செய்தது. என்னைப் போல இன்னொருவன் இந்த ஊரில் இருந்தால் கூட்டி வாருங்கள், பார்க்கலாம்.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாத ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்தேன். ரோமன் நம்பரை நான் கற்றுக்கொண்ட கதை அது.

பதினான்கு வீடுகளில் ஏழாவது வீடு. மேலும் கீழுமாக முப்பத்தாறு ஜன்னல்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு, சாய்ந்த பலகைகள் கோத்த தேக்குக் கதவு. அந்தக் காலத்தில் எல்லாம் கை வேலை என்பதால் ஒரு ஜன்னலின் அளவு இன்னொன்றுக்கு வராது. எந்தக் கதவை எங்கே கழற்றினோமோ அங்கேதான் திரும்ப மாட்ட வேண்டும். ஆனால் நடுவில் எல்லாவற்றையும் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காரத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பழைய பெயின்ட்டை எடுக்க வேண்டும். சாக்பீஸ், பெயின்ட், ஒட்டின காகிதம் எதுவும் அந்தத் தொட்டியில் நிற்காது. கதவு விளிம்பில் உளியால் வெட்டினால்தான் நிற்கும்.

வீட்டைப் புதுப்பிக்கும் பொறுப்பில் இருந்த ஆர்க்கிடெக்ட் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"மேஸ்திரி, எட்டு, ஆறெல்லாம் உளியில வெட்ட வராது. ரோமன் நம்பர் போட்டுடலாம், எல்லாம் நேர்க்கோடுதானே. உங்களுக்குத் தெரியும்ல?"

"இன்னா மேடம் இப்டி கேட்டுட்டீங்க? இந்த ஊர்ல பொறந்துட்டு அது தெரியாதா? சர்ச் வாசல்ல, பழைய கட்டடத்து நெத்தியில, எங்க பாத்தாலும் அதானே."

"அப்ப நல்லதாப் போச்சு. வேற யார்கிட்டயும் குடுக்காதீங்க. நீங்களே உக்காந்து வெட்டிடுங்க."

எங்கே பார்த்தாலும் இருந்தது உண்மைதான். அதில் ஒன்றுகூட எனக்குப் படிக்கத் தெரியாது என்பதும் உண்மை.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அளவுப் படம் படிக்கத் தெரியாத ஒரு கான்ட்ராக்டரை அந்த அம்மா முந்தின மாதம்தான் கைகூப்பி வெளியே அனுப்பியிருந்தார். எனக்கும் அதே கும்பிடு விழுந்தால் அந்த வீடு மட்டும் போகாது. 'பிரெஞ்சு வீட்டு மேஸ்திரி' என்று நான் சம்பாதித்த பேரே போய்விடும். வீட்டில் பிள்ளைகளைக் கேட்டிருக்கலாம். ஆனால் 'உங்கப்பனுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல' என்று சொல்லிச் சொல்லியே அவர்களை வளர்த்தவன் நான். எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே எழுப்பின சுவர்.

பட்டறையில் சிமென்ட் கடைக்காரர் கொடுத்த சுவர்க் கடிகாரம் ஒன்று இருந்தது. அதில் ரோமன் நம்பர். அதைக் கழற்றி அரிசிப் பையில் போட்டு வீட்டுக்கு, அதாவது வேலை நடக்கிற அந்த வீட்டுக்கு, எடுத்துப் போனேன். மாடியில் ஒரு அறை. கதவுகளைக் கழற்றி அங்கேதான் அடுக்கியிருந்தோம். ஐப்பசி மழை என்பதால் ஜன்னல் ஓட்டைகளை நீலத் தார்ப்பாய் போட்டு அடைத்திருந்தது. அறைக் கதவையும் உள்ளே தாழ் போட்டுக்கொண்டேன். காற்று இல்லை. வெளிச்சம் எல்லாம் நீலம். டிக் டிக் சத்தம் காட்டிக் கொடுக்கும் என்று கடிகாரத்தின் பேட்டரியை உருவிவிட்டேன். நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு எல்லாம் தலைகீழாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். கடிகாரத்தை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரு பலகைத் துண்டில் வெட்டிப் பழகினேன். யாராவது கதவைத் தட்டினால் கடிகாரம் சாக்குக்கு அடியில் போகும்.

தட்டினவர் பெரும்பாலும் பாய்தான். இருபது வருஷமாக என்னோடு இருக்கிற தச்சர், தச்சு வேலையில் எனக்கு வலது கை.

"இன்னா மேஸ்திரி, தாழ் போட்டுக்குனு உள்ள இன்னா நடக்குது? தனியா பிரியாணி துன்றியா?"

"கணக்கா வெட்டுற வேலைய்யா. பக்கத்துல ஆள் இருந்தா கை நடுங்கும்."

"உனக்கா நடுங்கும்? பேய்க்கே நடுங்காத கை!" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போவார். அவர் காலடிச் சத்தம் படி முடிகிற வரை நான் மூச்சு விடமாட்டேன்.

பன்னிரண்டு வரைக்கும் கடிகாரம் சொல்லிக் கொடுத்தது. பதின்மூன்றுக்கு யாரிடம் போவது? ஒரு பகல் முழுக்க உளியைக் கையில் பிடித்தபடி அந்த நீல அறையில் உட்கார்ந்திருந்தேன். இறங்கிப் போய்ச் சொல்லவும் முடியவில்லை, மேலே வெட்டவும் முடியவில்லை. பிறகு வாய்விட்டு எண்ணிப் பார்த்தேன். பதின்மூன்று என்றால் என்ன, பத்தும் மூன்றும். X போட்டு மூன்று கோடு. பத்தொன்பது என்றால் பத்தும் ஒன்பதும். இருபது என்றால் இரண்டு பத்து, XX. நம் தமிழ் எண்ணிக்கையே வழி காட்டியது. முப்பத்தாறு வரைக்கும் ஒரே மூச்சில் போட்டேன். எந்த வாத்தியாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சரியா தப்பா என்று யார் சொல்வது? வெட்டினதைப் பார்க்க அந்த அம்மா ஒரு தரம் மேலே வந்தார். நாலாம் நம்பர் கதவைத் தடவிப் பார்த்தார்.

"நாலுக்கு IV தானே மேஸ்திரி? நீங்க நாலு கோடு போட்டிருக்கீங்க?"

"அது பள்ளிக்கூடத்து வழி மேடம். இது வேலைக்காரன் வழி."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கடிகாரத்தில் நாலு கோடுதான் இருந்தது. அப்படியானால் சிமென்ட் கடைக்காரர் கொடுத்த கடிகாரமே தப்பா? நாலு தப்பென்றால் மற்றது? எழுபத்திரண்டு கதவிலும் வெட்டியாகிவிட்டது. தேக்கில் வெட்டினதை அழிக்க முடியாது.

கதவுகள் பட்டறைக்குப் போய்ப் பெயின்ட் நீங்கி வந்தன. முப்பத்தாறு நம்பரையும் சாதா நம்பரோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதி பாயிடம் ஒரு தாள் கொடுத்திருந்தேன். அதைப் பார்த்து அவர் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு வந்தார். வீட்டுக்காரர் பிரான்சிலிருந்து வர இரண்டு நாள் இருந்தது. எட்டு வரைக்கும் வெண்ணெயில் கத்தி போல ஏறின.

"மேஸ்திரி, இங்க வா," என்று பாய் கூப்பிட்டார். "ஒம்பதுல மாட்டினா ஒரு வெரல் சந்து நிக்குது. பதினொண்ணு நுழையவே மாட்டேங்குது. உன் நம்பர்ல ஏதோ கோளாறு."

கற்றதெல்லாம் தப்பு, அவ்வளவுதான் என்று நினைத்தேன். கீழே அந்த அம்மாவின் குரல் கேட்டது. மேலே பாய் என் முகத்தைப் பார்க்கிறார். 'XI பதினொன்றுதானா' என்று யாரையாவது ஒரு வார்த்தை கேட்டால் என் கதை முடிந்தது.

"நம்பர்ல ஒண்ணும் கோளாறு இல்ல. மழைக்கு மரம் ஊதியிருக்கு," என்றேன்.

"ஊதினா எல்லாந்தானே ஊதணும்? ஒண்ணு ஊதி ஒண்ணு இளைக்குமா?"

"வாதாடாத பாய். இழை."

பாய், நுழையாத அந்தப் பெரிய கதவை இரண்டு கட்டைகளுக்கு நடுவில் பக்கவாட்டில் நிறுத்தி, கீல் வரும் விளிம்பில் இழைப்புளியை வைத்தார். எனக்கும் அவருக்கும் பாட்டனார் வயதுள்ள தேக்கு. இழைத்தால் இழைத்ததுதான், திரும்ப ஒட்ட வைக்க முடியாது. நிறுத்து என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார். ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். அந்த ஒரு இழுப்பை நான் விட்டேன். இன்றைக்கும் அது என் நெஞ்சில் கிடக்கிறது.

சீவல் சுருண்டு விழுந்தது. அதோடு விளிம்பில் கெட்டித்துப் போயிருந்த பழைய பட்டிப் பூச்சும் பெயர்ந்து வந்தது. அடியில், நான் வெட்டினதற்கு மறுகோடியில், கோடுகள்.

"நிறுத்து பாய்!"

"எவனோ நமக்கு முன்னாடியே கீறி வெச்சிருக்கான்யா," என்றார் அவர், குனிந்து ஊதிக்கொண்டே.

V, அதன் பக்கத்தில் நாலு கோடு. ஐந்தும் நாலும் ஒன்பது. இந்தக் கதவைச் செய்தவன் வெட்டிய நம்பர். கதவு ஒன்பதாம் நம்பர்தான். அப்படியானால் பாய் ஏன் பதினொன்று என்கிறார்? அவர் கட்டையின் அந்தப் பக்கம் நின்றார், நான் இந்தப் பக்கம். சுற்றிப் போய் அவர் பக்கத்தில் நின்று என் வெட்டைப் பார்த்தேன். என் பக்கத்திலிருந்து IX. அவர் பக்கத்திலிருந்து XI.

கதவை அடுக்கும்போது பாதியைத் தலைகீழாகத்தான் அடுக்குவோம், பலகை அடிபடாமல் இருக்க. கீலையும் கழற்றிவிட்டால் விளிம்பில் தலை எது, கால் எது என்று தெரியாது. அதனால்தான் அந்தப் பழைய தச்சன் ஒன்பதுக்கு IX போடவில்லை. V போட்டு நாலு கோடு போட்டால் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் வேறு நம்பராக ஏமாற்றாது. கற்றுக்கொண்டதில் தப்பில்லை, கடிகாரம் சுவரில் தொங்குகிற சாமான், கதவு புரள்கிற சாமான்.

அன்று சாயங்காலத்துக்குள் ஒன்பது, பத்தொன்பது, இருபத்தொன்பது மூன்றையும் குறுக்கே கீறி அடித்துவிட்டு, பக்கத்தில் நாலு கோட்டு முறையில் மறு வெட்டு வெட்டினேன். எல்லாக் கதவும் அதனதன் இடத்தில் ஏறியது. அந்த அம்மா வந்து பழைய தச்சன் குறியையும் என் மறு வெட்டையும் பார்த்து அசந்துபோனார்.

"இது எப்படி மேஸ்திரி உங்களுக்குத் தெரியும்?"

அங்கேதான் இரண்டாம் தரம் மாட்டிக்கொண்டேன். நான் கண்டுபிடித்தேன் என்றால், அதற்கு முன் தெரியாது என்று ஆகும். "இது எல்லாத் தச்சனுக்கும் தெரிஞ்சதுதான் மேடம்," என்று சொல்லிவிட்டேன். பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். காட்டிக் கொடுக்கவில்லை.

இப்போது இந்த ஊரில் எந்தப் பழைய வீட்டில் கதவு கழற்றினாலும் இந்த முறையில்தான் வெட்டுகிறார்கள். அந்த வீட்டு வாசலில் ஒரு பித்தளைப் பலகை இருக்கிறது. பழங்காலத் தச்சர் குறிகளை ஆர்க்கிடெக்ட் அலுவலகம் ஆய்வு செய்து கண்டறிந்தது என்று அதில் போட்டிருக்கிறது. மேஸ்திரிகளுக்கு நடத்துகிற பயிற்சி வகுப்பில் அந்தக் கதவைப் படம் போட்டுக் காட்டுகிறார்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். வாயைத் திறந்தால் பொய் வெளியே வரும், மூடினால் பேர் போகும். மூடிக்கொண்டு கை தட்டினேன். இத்தனை வருஷம் அப்படித்தான்.

அந்த அம்மாவைக் குறை சொல்லமாட்டேன். நான் சொன்னதை நம்பினார். அந்தப் பொய்யை இன்று நானே எழுத்தில் உடைத்துவிட்டேன், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இனி அவர் கடமை. அந்தப் பித்தளைப் பலகையைக் கழற்ற வேண்டும். அதைக் கண்டுபிடித்தது ஆய்வு இல்லை, நான்தான் என்று என் பேரை முழுசாகப் போட வேண்டும். இழைப்புளி பிடித்த பாயின் பேரையும் அடுத்த வரியில் போட வேண்டும். திருகாணியைக் கழற்றவும் மாட்டவும் ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நானே வருகிறேன்.