கலத்தில் தங்கிவிட்ட பெண்

1961, ஆகஸ்ட்: இளைஞர்களுக்காக நான் எழுதிய விண்வெளித் திகில் நாவல் திருச்சியில் அச்சாகி வெளிவந்தது.

1961, நவம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை: ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு வீட்டில் பெண் பார்க்கும் சடங்கு. பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி நான்கு இருபத்தெட்டுக்கு முடிந்தது.

1962, ஜனவரி, தை பிறந்தபின்: நிச்சயதார்த்தம்.

1962, பிப்ரவரி: மகர ராசியில் எட்டுக் கிரகங்களின் சேர்க்கை. உலகம் அழியவில்லை.

1962, ஜூன்: திருமணம்.

சென்ற மார்கழி: என் மனைவி காலமானாள்.

மேற்கண்டவற்றைப் பழைய நாட்குறிப்புகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துவிட்டேன். கடைசி வரிக்கு நாட்குறிப்பு தேவைப்படவில்லை.

அந்த நாவலின் கதையை இப்போது யாரும் அறிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்பது கல்லூரி மாணவர்கள் ஒரு கலத்தில் வியாழனை நோக்கிப் புறப்படுகிறார்கள். கலத்தின் கடைசி அறையில், விளக்கு எரியாத இடத்தில், ஏதோ ஒன்று ஏறி ஒளிந்திருக்கிறது. அது அவரவர் வீட்டாரின் குரலில் "சாப்பிட வா" என்று அழைக்கும். அழைக்கப்பட்டவர் எழுந்து போவார், திரும்பமாட்டார். இப்படி எட்டுப் பேர் போய்விடுகிறார்கள். ஒன்பதாவதாக ஒரு பெண் மட்டும் காதுகளைப் பொத்திக்கொண்டு கலத்தில் தனியே அமர்ந்திருப்பதோடு கதை முடிகிறது.

அப்போது நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் பௌதிக விரிவுரையாளன். பாராட்டிய கடிதங்களும் திட்டிய கடிதங்களும் ஏறத்தாழச் சமமாக வந்தன. எங்கள் துறைத் தலைவர் கலத்தின் வேகத்தில் ஒரு பிழை கண்டுபிடித்து, எட்டு மரணங்களையும் விட்டுவிட்டு, அதற்காக மட்டும் வருந்தினார். சமயபுரத்திலிருந்து ஒரு விடுதிக்காரர், ஒன்பது பேரில் ஒருவர்கூட ஒரு கொத்து வேப்பிலை எடுத்துப் போகாதது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார். மாணவர் ஒருவர் அந்த உருவத்தின் புகைப்படம் இருந்தால் அனுப்பும்படி எழுதியிருந்தார். பெரிய கடைவீதிப் புத்தகக் கடைக்காரர் அதைப் பஞ்சாங்கங்களின் அடுக்கில் வைத்திருந்தார். "ரெண்டுலயும் கிரகம்தானே சார் வருது?" என்றார்.

இவற்றையெல்லாம் பொறுமையாகவே ஏற்றுக்கொண்டேன். ஒரு வீட்டாரின் அபிப்பிராயத்துக்கு மட்டுமே அஞ்சினேன்.

அவ்வாண்டுத் தொடக்கத்தில் சந்திரனைப் பற்றி நான் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் முடிவில் எழுந்து கேள்வி கேட்டவள் ஒருத்திதான். சந்திரனில் நின்று பார்த்தால் காவேரி தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். "அப்போ அங்கே போறவாளுக்கு ரொம்பக் கஷ்டம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். வேறு வரன் பார்க்க வேண்டாம் என்று அன்றே என் தாயாரிடம் சொல்லிவிட்டேன். ஜாதகங்கள் பொருந்தின. இனி பையனின் குணம் எப்படி என்று விசாரிப்பதுதான் பாக்கி. வழக்கமாக இதற்கு அலுவலகத்திலும் அண்டை வீட்டிலும் விசாரிப்பார்கள். பெண்ணின் தந்தை சமஸ்கிருதம் பயின்றவர். எழுத்தில் கிடைத்த சாட்சியையே நம்புபவர். என் நாவலை வாங்கிப் பழுப்புக் காகித அட்டை போட்டு, வீட்டிலிருந்த எல்லோருக்கும் முறை வைத்துக் கொடுத்துவிட்டார்.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பாடச் சொல்லிப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. பஜ்ஜித் தட்டுகளுக்கு நடுவே நாவல் இருந்தது.

"நாலரைக்கு ராகுகாலம் வந்துடும். அதுக்குள்ளே பேசி முடிச்சுடலாம்" என்று தந்தை தொடங்கினார். "எட்டுப் பேரைக் கொன்னிருக்கேள்."

"கதையில்தான், மாமா."

"கதையிலேதான்னு எனக்கும் தெரியறது. நான் பயப்படலை. செவ்வாய்க்கிழமை மூணரை மணிக்குக் கலத்தைக் கிளப்பியிருக்கேள். சுத்த ராகுகாலம். பின்னே என்ன ஆகும்? இதைத் திகில்னு ஏன் அட்டையிலே போட்டிருக்கா?"

பெண்ணின் சித்தி அதற்குள் குறுக்கிட்டார். "எனக்குச் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. பத்து நாளா எங்காத்திலே இவரைச் சாப்பிடக் கூப்பிட முடியலை. 'ஏன்னா, சாப்பிட வாங்கோ'ன்னா, 'நீதானா? முன்னாலே வந்து மூஞ்சியைக் காமி'ங்கறார்."

ரயில்வேயில் கணக்கராக இருந்த சித்தப்பா, உத்தரீயத்தைச் சரிசெய்துகொண்டார். "ஜாக்கிரதையா இருக்கறதிலே என்ன தப்பு?"

"கரண்டியும் கையுமா கூடத்துக்கு வந்து மூஞ்சியைக் காமிச்சாலும், 'உன் பேர் என்ன, சொல்லு'ங்கறார்!"

"சொன்னியா? இல்லையே!"

என் தாயார் தலை குனிந்துகொண்டார். அவர் சிரிப்பை அடக்குகிறார் என்பது எனக்குத் தெரியும். பெண் வீட்டாருக்கு அது வெட்கமாகத் தோன்றியிருக்கலாம்.

பெண்ணின் தாயார் கதவோரத்திலிருந்து சொன்னதுதான் அந்நூலைப் பற்றி நான் கேட்டவற்றுள் மிகச் சிறந்த விமர்சனம். "ஒன்பது குழந்தைகளுக்கும் சாப்பாட்டுக்குப் பதிலா மாத்திரையைக் கொடுத்து அனுப்பியிருக்கார். மாத்திரையிலே பசி அடங்குமா? வயிறாரச் சாதம் போட்டு அனுப்பியிருந்தா, யார் கூப்பிட்டா என்னன்னு உட்கார்ந்திருக்கும்."

மணி நான்கு பத்து. எழுதியவருக்குக் கல் நெஞ்சம் என்று சித்தியும், எழுதியவர் எல்லாம் அறிந்தவர் என்று சித்தப்பாவும் கருதினார்கள். தந்தை இன்னும் முடிவுக்கு வரவில்லை. என் பஜ்ஜி ஆறிவிட்டது. என் வாழ்க்கை இருபது நிமிஷங்களில் தீர்மானமாகப் போகிறது என்பதை எண்ணி, நான் கடிகாரத்தைப் பார்க்காமலிருக்க முயன்றேன்.

அப்போது அவள் பேசினாள். "நான் ரெண்டு தரம் படிச்சேன். கடைசியிலே அந்தப் பொண்ணு தனியா உட்கார்ந்திருக்காளே, அவ எப்போ ஆத்துக்கு வருவா?"

வாசகர் தாமே ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பதாக நான் விளக்கினேன்.

"ஊகிச்சேன். தூக்கம் வரலை. நீங்க கொண்டு வந்துடுவேளா?"

"கொண்டு வருகிறேன். இரண்டாம் பாகத்தில்."

"எழுதிக் கொடுத்துடுங்கோ" என்றார் தந்தை.

எழுதிக் கொடுத்தேன். மணி நான்கு இருபத்தெட்டு. தையில் நிச்சயதார்த்தத்தன்று லக்னப் பத்திரிகை வாசித்த வாத்தியார், கோத்திரங்களையும் முகூர்த்தத்தையும் வாசித்துவிட்டு, அதே ராகத்தில், கலத்தில் உள்ள பெண்ணைப் பூமிக்குப் பத்திரமாகக் கொண்டு சேர்க்க வரன் சம்மதிக்கிறார் என்பதையும் வாசித்தார். முகூர்த்தத்தை மட்டும் ஜூனுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். பிப்ரவரியில் எட்டுக் கிரகங்கள் சேரும்போது உலகம் அழியும் என்று ஊரெங்கும் பேச்சு; எட்டுப் பேர், எட்டுக் கிரகம் என்று சித்தப்பா கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். உலகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கல்யாணம் செய்யலாம் என்பது என் மாமனாரின் முடிவு.

உலகம் இருந்தது. நான் மூன்று அத்தியாயங்கள் எழுதினேன். திரும்பும் கலத்துக்கு எரிபொருள் போதவில்லை. எத்தனை முறை கணக்கிட்டும் போதவில்லை. துறைத் தலைவரின் முகம் நினைவுக்கு வரும். காகிதத்தை மடித்து வைத்துவிடுவேன்.

"அவ இன்னும் அங்கேயேதான் இருக்காளா?" என்று மனைவி அவ்வப்போது கேட்பாள்.

"இறங்குவதற்கு இடம் வேண்டும்."

"கொள்ளிடத்திலே அவ்வளவு மணல் கிடக்கே. அங்கே இறக்குங்கோ."

1969 ஜூலையில், சந்திரனுக்குப் போனவர்கள் பத்திரமாகக் கடலில் இறங்கிவிட்டார்கள் என்ற செய்தியை இருவரும் வானொலியில் கேட்டோம். அவள் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். "அவாளே வந்துட்டா" என்றாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காததை நான் விடுதலை என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது என் சாப்பாடு பகல் பன்னிரண்டு மணிக்கு ஓர் அடுக்குப் பாத்திரத்தில் வருகிறது. கொண்டு வருபவர் மணியை அடித்துவிட்டுப் போய்விடுவார்; அழைப்பதில்லை. அந்த எட்டுப் பேரும் கடைசி அறையின் கதவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அறிந்தும் ஏன் எழுந்து போனார்கள் என்பதை நாவலில் நான் விளக்கவே இல்லை என்று ஒரு வாசகர் குறை கூறியிருந்தார். நியாயமான குறை. எழுதியபோது எனக்குத் தெரியாது.

செய்யாமல் இருப்பவை:

சமயபுரத்துக் கடிதத்துக்குப் பதில்.

குடும்ப அட்டையில் பெயர் நீக்கம். படிவம் மேஜையில் இருக்கிறது.

மாமனாரின் பென்சில் குறிப்புகள் உள்ள நாவல் பிரதியைப் பைண்டு செய்யக் கொடுப்பது.

கலம் புறப்படும் நேரத்தை மாற்றுவது.

அந்தப் பெண்ணைக் கொள்ளிடத்து மணலில் இறக்குவது. எரிபொருள் கணக்கு வேண்டாம். சாதம் வடித்து வைத்திருக்க வேண்டும்.