துருவும் சுணையும்

எனக்குப் பொறுமை கிடையாது. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிப்பட்டவன் போய் என்னைவிட இரண்டு வயது மூத்த ஒரு காரை வாங்கினேன். பண்டசோழநல்லூரில் ஒரு மாட்டுக்கொட்டகையில் வைக்கோலைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தது அது. டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு பாகூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, என் மனைவி வாசலில் நின்று அதை மேலும் கீழும் பார்த்தாள். அவள் என் அத்தை மகள். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள், மரியாதை அத்தோடு முடிந்துவிடும்.

"இதுல கார் எது மாமா, துரு எது?"

கேள்வி நியாயமானதுதான். சக்கர ரிம், கதவுக் கீல், பம்பரைத் தாங்கும் பட்டை, எதைத் தொட்டாலும் கை செம்பழுப்பாகிவிடும். உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தேன். ஒரே ஒரு கீலுக்கு ஒரு காலைப்பொழுது போனது. இப்படியே போனால் காரை முடிப்பதற்குள் என் முட்டி தேய்ந்துவிடும் என்று எழுந்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் செல்போனில் அந்த வீடியோவைப் பார்த்தேன். கம்ப்ரஸர் காற்றோடு மணலைச் சேர்த்துப் பீய்ச்சினால் துரு தானாக உதிர்ந்துவிடுமாம். கம்ப்ரஸர் என்னிடம் ஏற்கெனவே இருந்தது, டிராக்டர் டயருக்குக் காற்றடிக்க வாங்கியது. பீய்ச்சும் கன் மட்டும்தான் பாக்கி. அதை வாங்க வில்லியனூர் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்கார பாய், இது எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தே கொடுத்தார்.

"மணல்ல அடிக்காதீங்க" என்றார். "அடிக்கிற வேகத்துல மணல் ஒடைஞ்சு கண்ணுக்கே தெரியாத தூளாயிடும். அது நெஞ்சுல போய் குந்திச்சின்னா திரும்ப வராது. கார்னெட்னு ஒரு கல்லுப்பொடி இருக்கு, அதுல அடிங்க. நல்ல மாஸ்க்கும் வச்சிருக்கேன்."

பாய்க்கு வியாபாரம் ஆக வேண்டுமே என்று நினைத்துக்கொண்டேன். பெரிதாகத் தலையாட்டிவிட்டு, கன்னை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீடு கட்டியபோது மிஞ்சிய ஆற்று மணல் ஒரு குவியல் கிடந்தது. மணப்பட்டு நண்பர் ஒருவர், கடல் மணல் இன்னும் நைஸாக இருக்கும், மூட்டை கட்டி அனுப்பவா என்றார். உப்பு மணலால் துருவை எடுக்கக் கூடாது என்கிற அளவுக்கு அறிவு இருந்ததால் வேண்டாம் என்றேன். அந்த அறிவைப் பற்றி எனக்கு ரொம்பவே பெருமை.

மனைவிக்கு வீசிங் உண்டு. வருஷத்தில் பாதிக்கு மேல் ஒன்றும் இருக்காது. தை பிறந்து பனி இறங்கியதும் ஆரம்பிக்கும். ராத்திரி உட்கார்ந்தபடியே தூங்குவாள். பனி அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவளுக்குத் தூசி பட வேண்டாம் என்றுதான், மணல் அடிக்கும் வேலையை வீட்டுப் பக்கமே வைக்காமல், கழனிக் கோடியில் இருக்கும் மோட்டார் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றுகூடப் பார்த்தேன். இப்படி யோசித்ததற்கு எனக்கு நானே ஒரு ஷொட்டு கொடுத்துக்கொண்டேன்.

கண்ணுக்கு வெல்டிங் கண்ணாடி. மூக்குக்கு, நெல் அறுக்கும்போது நாங்கள் எல்லோரும் கட்டுகிற அதே ஈரத்துண்டு. கன்னை அழுத்தினேன். துரு போன இடத்தில் வெள்ளையாக இரும்பு தெரிந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. மதியத்துக்குள் நாலு ரிம்மும் முடிந்தன. பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்து, சட்டையையும் லுங்கியையும் கழற்றித் தோட்டத்துக் கொடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.

குளித்து முடிப்பதற்குள் அந்த இழுப்புச் சத்தம் கேட்டது. இருபது வருஷத்துக்கு மேல் கேட்ட சத்தம், ஆனால் பனிக்காலத்தில் மட்டும். அவள் தோட்டத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலடியில் என் லுங்கி. முகம் சாம்பலாக இருந்தது. அன்றைக்கு நான் பயந்த மாதிரி வாழ்க்கையில் பயந்ததில்லை.

பைக்கில் பின்னால் உட்காரவைத்து, அவள் கையை என் வயிற்றோடு பிடித்தபடி ஒரே கையால் ஓட்டி டாக்டரிடம் கொண்டுபோனேன். புகை மருந்து வைத்து, அரை மணி நேரம் கழித்துத்தான் மூச்சு சீரானது. பயம் போனதும் எனக்குக் கோபம் வந்தது. என் புத்தி அப்படி.

"அத எதுக்குடி எடுத்து உதறின?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "கழனியிலேர்ந்து வந்த துணிய உதறாம எப்டி மாமா மிஷின்ல போடுறது?"

அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். நெல்லின் சுணை, அந்தப் பொடி முள், துணியில் ஒட்டியிருக்கும். அப்படியே வாஷிங் மிஷினில் போட்டால் வீட்டுத் துணி முழுக்க ஏறி, எல்லோரும் சொறிந்துகொண்டு திரிய வேண்டியதுதான். அதனால் கழனித் துணி என்றால் சுவரோரம் நின்று நாலு உதறு உதறித்தான் போடுவார்கள். மணல் தூளையும் அவள் அதேபோல, முகத்துக்கு நேராக உதறியிருக்கிறாள்.

டாக்டர் எனக்கும் சேர்த்து டோஸ் விட்டார். ஈரத்துண்டு அந்தத் தூளைத் தடுக்காது, இன்றைக்கு இவங்களுக்கு வந்தது தெரிந்துவிட்டது, உங்களுக்கு வருவது தெரியாமல் வரும் என்றார். மறுநாள் வில்லியனூருக்குப் போய் நின்றேன். பாய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கார்னெட் மூட்டையையும், இரண்டு பக்கமும் ஃபில்டர் வைத்த மாஸ்க்கையும் எடுத்து வைத்தார். கேட்டிருந்தாலே தேவலாம்.

மோட்டார் கொட்டகையில் செத்துப்போன ஒரு ஃபிரிட்ஜ் கிடந்தது. அதை மல்லாக்கப் படுக்கவைத்து, பக்கவாட்டில் இரண்டு ஓட்டை போட்டு, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறைகளைப் பொருத்தினேன். கதவில் ஒரு கண்ணாடி, உள்ளே ஒரு லைட். தூசியை உறிஞ்ச ஒரு பழைய வேக்குவம் கிளீனர். இனிமேல் அடிப்பதெல்லாம் பெட்டிக்குள்ளேதான். வேலைக்கென்று ஒரு செட் துணி, அது கொட்டகையைத் தாண்டாது. வேலை முடிந்ததும் போர் தண்ணீரில் அங்கேயே தலைக்குக் குளியல். துணியை உதறாமல் அப்படியே வாளியில் ஊறவைத்து நானே அலசுவேன். எங்கள் ஊர்க் காற்றுக்குத் துரு எடுத்த இரும்பு சாயங்காலத்துக்குள் மறுபடி சிவக்கும் என்பதால், அன்றன்றைக்கே பிரைமரும் அடித்துவிடுவேன்.

ஒருநாள் அவள் வந்து பார்த்தாள். கொட்டகை ஜன்னல் கட்டையில் விரலை ஓட்டிவிட்டு, விரலைப் பார்த்தாள்.

"ம்" என்றாள். எங்கள் வீட்டில் அது பெரிய பாராட்டு.

தை வந்தது, அறுவடையும் வந்தது. மிஷின் கொட்டுகிற நெல் குவியலில் நாளெல்லாம் நிற்பேன். கார் வேலையில் வந்த பழக்கம், கால் தானாகக் கொட்டகைக்குப் போகும். அங்கேயே குளியல், அங்கேயே துணியை ஊறப்போடுவது. வீட்டுக்கு வரும்போது மாப்பிள்ளை மாதிரி வருவேன்.

மாசியும் பாதி போனது. ஒருநாள் காலையில் காபியைக் கொடுத்துவிட்டு அவள் சொன்னாள், "இந்த வருஷம் பனியே இல்ல போல மாமா. ஒரு நாள் கூட இளுக்கல."

நான் அப்போதுதான் டிராக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். சீட்டில் தேங்கியிருந்த பனியைக் கையால் வழித்துவிட்டு வந்திருந்தேன். கை இன்னும் ஜில்லென்று இருந்தது. காபியைக் கீழே வைத்தேன்.

"பனி எப்பவும் போலதான் பெய்யுது" என்றேன். "இந்த வருஷம் நீ சொணைத் துணிய உதறல. அதான்."

சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கல்யாணமான வருஷத்திலிருந்து ஒவ்வொரு தையிலும் அந்தச் சுவரோரம் அவள் நின்றிருக்கிறாள். நான்கூடத் தோட்டத்துப் படியில் உட்கார்ந்து கால் கழுவியபடி பார்த்திருக்கிறேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. தோட்டத்துக் கொடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"உனக்கு ஒரு நாளும் மூச்சு வாங்கினதில்ல மாமா" என்றாள். "வாங்கியிருந்தா அப்பவே கண்டுபுடிச்சிருப்ப."