ஒரு சொல்லும் ஒரு ட்யூபும்

அவருக்கு எதுவும் புரியவில்லை — அப்படித்தான் நாங்கள் நம்பினோம்.

தொண்ணூறுகளின் கடைசி. என் கணவருக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வாரக்கணக்காகப் படுத்திருந்தார். கண்கள் திறந்திருக்கும், பார்வை மட்டும் மின்விசிறியில் நிற்கும். பார்க்க வருகிறவர்கள் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, அவருக்கு மேலாகவே பேசிக்கொள்வார்கள். தேறுவாரா, மாட்டாரா என்று. நாங்கள் மட்டும் வேறு என்ன செய்தோம்?

எனக்குக் கல்லூரி நூலகத்தில் வேலை. லீவு தீர்ந்துவிட்டது. நாங்கள் குடியிருந்த வலியசாலையில் உறவுக்குக் குறைவில்லை. ஆனால் பகல் முழுக்க ஆஸ்பத்திரியில் உட்கார யாரால் முடியும்? அம்பாசமுத்திரத்திலிருந்து என் அண்ணா ஒரே ஒரு பையோடு தம்பானூர் பஸ் நிலையத்தில் வந்து இறங்கினார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், மனைவியை இழந்தவர். மாப்பிள்ளை எழுந்து நடக்கிற வரைக்கும் இங்கேதான் இருப்பேன் என்றார். உடம்பைத் துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, சவரம் செய்வது... எதற்கும் அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

மலையாளம் மட்டும் அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. "மூக்கால பேசற தமிழ்தானேடி அது" என்பார்.

என் கணவருக்கு மூக்கு வழியாகப் போட்டிருந்த ட்யூபில்தான் ஆகாரம். ஒரு நாள் டாக்டர், நீர்க்கக் கரைத்த கஞ்சியை ஸ்பூனால் வாயில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். தொண்டையில் ஒழுங்காக இறங்கினால் ட்யூபை எடுத்துவிடலாம். அண்ணா தினமும் காலையில் பொறுமையாகக் கொடுத்தார். அழகாக விழுங்குகிறார் என்று சாயங்காலம் என்னிடம் பெருமையோடு சொல்வார்.

ஆனால் டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது வேறு. வாய் வழியாக எதுவுமே இறங்கவில்லையாம். வயிற்றில் துளையிட்டு, நிரந்தரமாகவே ஒரு ட்யூப் வைத்துவிடலாமாம். விழுங்குகிறார் என்று அண்ணா சொல்கிறாரே என்றேன். சிஸ்டர் தினமும் கேட்கிறார், 'இல்லை' என்றுதான் உங்கள் அண்ணாவே சொல்கிறார் என்றார் டாக்டர் — கனிவாகத்தான். என்னிடம் ஒன்று, சிஸ்டரிடம் ஒன்றா? அண்ணா என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாரோ?

மறுநாள் காலை லீவு போட்டுவிட்டுக் கட்டிலருகே நின்றேன். என் கண்ணெதிரே கஞ்சி ஸ்பூன் ஸ்பூனாக இறங்கியது. அண்ணா அவர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தபோது லிஸி சிஸ்டர் வேகமாக உள்ளே வந்தார்.

"கழிச்சோ, மாஷே?"

வாத்தியார் என்பதால் மாஷ். சாப்பிட்டாரா என்பதுதான் கேள்வி. மலையாளத்தில் அது அவ்வளவு மரியாதையான விசாரிப்பு. நம் தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நான் எழுத வேண்டுமா? உள்ளே போவதைப் பற்றியது அல்ல... அவ்வளவு போதும்.

அண்ணா தலையைக் குனிந்துகொண்டார். "இன்னும் இல்லை சிஸ்டர். நேத்து சாயங்காலம் ஒரு தடவை. கொஞ்சம் கட்டியா."

கஞ்சியைக் கெட்டியாகக் கொடுக்கக் கூடாது என்று சிஸ்டர் முன்பே சொல்லியிருந்தார். அவர் முகம் மாறியது. "கட்டியாயிட்டு கொடுக்கருதுன்னு பறஞ்ஞதல்லே?"

"நான் எங்கம்மா கொடுத்தேன்? அது தானா வந்தது."

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து ஒரு சத்தம். புரையேறிவிட்டதோ என்று மூன்று பேரும் பதறித் திரும்பினோம். புரை இல்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பாதி வாய்தான் சிரித்தது. ஆனால் தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வழிந்தது.

யோசித்துப் பாருங்கள். இதற்குச் சிரிக்க வேண்டுமென்றால் இரண்டு மொழியும் தெரிந்திருக்க வேண்டும். கேட்டவர் என்ன கேட்டார், பதில் சொன்னவர் எதைச் சொன்னார் — இரண்டும் பிடிபட வேண்டும். எதுவும் புரியாதவர் என்று நாங்கள் முடிவுகட்டிய மனிதர், எனக்குச் சமமாக அதைப் புரிந்துகொண்டு சிரிக்கிறார்.

நான் விளக்கிச் சொன்னதும் லிஸி சிஸ்டர் சிரிப்பை அடக்க முடியாமல் வராந்தாவுக்குப் போய்விட்டார். அண்ணாவுக்கு ஒரே வெட்கம். "தெனமும் மூஞ்சியைப் பார்த்ததும் இந்தப் பொண்ணு இதையே கேக்கறாளேன்னு நானும் நெனைச்சேன்." அன்று டாக்டரே ஸ்பூனை எடுத்துக் கஞ்சி கொடுத்துப் பார்த்தார். வயிற்றில் துளையிடும் பேச்சு அத்தோடு நின்றது. சில நாட்களில் மூக்கு ட்யூபும் போயிற்று.

அதற்குப் பிறகு யாரும் கட்டிலுக்கு மேலாகப் பேசவில்லை. அவரிடம் பேசினோம். அண்ணா பேப்பரை விரித்துச் செய்தி வாசித்தார். நான் நூலகத்து வம்புகளைக் கொண்டுபோனேன். பதிலுக்குக் காத்திருக்கவும் கற்றுக்கொண்டோம். பதில் மெல்ல மெல்ல வந்தது — முதலில் கண்ணால், பிறகு இடது கையால், ரொம்பப் பிறகு சொல்லாக. நோயாளி பேசவில்லை என்றால் கேட்கவும் இல்லை என்று நாம் ஏன் இத்தனை சுலபமாக நினைத்துவிடுகிறோம்?

ஒரு வருடத்தில் அவர் கைத்தடியோடு நடந்தார். அதைப் பார்த்த பிறகுதான் அண்ணா ஊருக்கு பஸ் ஏறினார். அந்த உதவிக்கு நான் நன்றி சொன்னதில்லை, சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார். இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணா போன வருடம் காலமானார். செய்தியை என் கணவரிடம் எப்படிச் சொல்வது, தாங்குவாரா என்று உறவினர்கள் தயங்கினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நேராகச் சொன்னேன். கைத்தடியை எட்டி எடுத்தவர், "நானும் வரேன்" என்றார். அம்பாசமுத்திரம் வரை வந்தார்.

இப்போது வலியசாலை வீட்டில் நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம், ஒருவருக்கொருவர் பேச்சுத்துணையாக.