கணக்கில் சேராத நான்கு எலிகள்

ஆய்வகத்தில் எல்லோரும் அவளைக் கொழுப்பக்கா என்றுதான் சொல்வார்கள். அவள் காதுபடச் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான் மரியாதை. இருபத்திரண்டு வருடமாக அவளுக்குக் கொழுப்போடுதான் சகவாசம். கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிகளைச் செய்வாள், அதற்குள் மருந்தை அடைப்பாள், உடம்பில் போய்ச் சேர வேண்டிய இடத்தில் அது சேர்ந்ததா என்று பார்ப்பாள். பெயர் வைத்தவர்கள் இதை மட்டும் மனதில் வைத்துத்தான் வைத்தார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. கூட்டத்தில் யாராவது சுமாராக வந்திருக்கிறது என்று ஆரம்பித்தால், சுமார் என்றால் எத்தனை என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள். வீட்டிலும் இதே கதைதான். கொஞ்ச நேரத்தில் வருகிறேன் என்று கணவர் போனில் சொன்னால், எத்தனை நிமிஷம் என்பாள். அவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். எனக்குக் கணக்கு பிழைப்பு, உனக்கு அது வியாதி என்று அவரே அலுத்துக்கொள்வார்.

அவள் செய்த மருந்து ஒரு பொல்லாத நோய்க்கானது. உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரர்களே அதைத் திருடன் என்று நினைத்து அடிக்கும் நோய். நரம்பு தசையைத் தொடுகிற இடத்தில் அடி விழும். கை துவளும், இமை சரியும், முற்றினால் மூச்சும் திணறும். இருக்கிற மருந்துகள் காவல்காரர்கள் அத்தனை பேரையும் ஒட்டுமொத்தமாகப் படுக்க வைத்துவிடும். அப்புறம் சாதாரணச் சளி பிடித்தாலும் ஆள் ஆஸ்பத்திரிதான். கொழுப்பக்காவின் குமிழிகள் கழுத்திலும் அக்குளிலும் இருக்கிற நிணநீர்க் கணுக்களுக்குள் போய், தப்பாக அடிக்கிறவர்களை மட்டும் பிடித்து அடக்கும். போகிற வழியில் உடம்பு கண்டுகொள்ளாமல் இருக்க, குமிழியின் மேல் ஒரு வழவழப்பான பூச்சு. மொத்தம் இரண்டே ஊசி. முதல் ஊசி போட்டு மூன்று நாள் கழித்து இரண்டாவது. எலிகளில் அது கனகச்சிதமாக வேலை செய்தது.

இந்த மாதிரிப் பூச்சுகளில் ஒரு வில்லங்கம் உண்டு என்பது தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். முதல் ஊசியில் உடம்பு பூச்சை அடையாளம் கண்டுகொண்டால், ஒரு வாரத்துக்குள் அதற்கு எதிராக ஆயுதம் தயார் செய்துவிடும். அந்த நேரம் பார்த்து இரண்டாவது ஊசி உள்ளே போனால் ஆளையே சாய்த்துவிடலாம். தன் பூச்சு புதியது, அந்தத் தொல்லை இதற்குக் கிடையாது என்று அவள் மூன்று கட்டுரை எழுதியிருந்தாள்.

மனிதர்களில் முதல் ஆள் ஒரு பஸ் டிரைவர். வயது நாற்பத்தாறு. ஸ்டியரிங் பிடிக்க முடியாமல் எட்டு மாதமாக டிப்போ அலுவலகத்தில் ஒரு ஸ்டூலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு திங்கட்கிழமை அவருக்கு முதல் ஊசி போட்டார்கள். புதன்கிழமையே கையைத் தூக்கித் தானாகத் தலை வாரிக்கொண்டார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தபோது ஆய்வகமே துள்ளிக் குதித்தது. கொழுப்பக்கா கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வியாழக்கிழமை இரண்டாவது ஊசிக்கு அவர் வரவில்லை. வர முடியவில்லை, திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். விதிப்படி அதில் தவறு இல்லை. இரண்டாவது ஊசி மூன்றாம் நாள், தவறினால் ஏழாம் நாளுக்குள் என்றுதான் சோதனைக் கோப்பில் இருந்தது. நோயாளிகள் சொன்ன தேதிக்கு வரமாட்டார்கள், கொஞ்சம் இடம் விடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். நாலு நாளில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று அவளும் கையெழுத்துப் போட்டாள். சுமார் என்ற சொல்லையே பொறுக்காதவள் அன்றைக்கு மட்டும் பொறுத்துக்கொண்டாள்.

அவர் வருவதாகச் சொன்ன திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அவள் கட்டுரை ஒன்றைப் பரிசீலிக்கும் பத்திரிகையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நாற்பத்தெட்டு எலிகள் வாங்கியதாக ஓரிடத்தில் சொல்கிறீர்கள், முடிவில் நாற்பத்துநான்குதான் வருகின்றன, மீதி நான்கு எங்கே என்று கேட்டிருந்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. தன்னிடம் போய் எண் விஷயத்தில் கேள்வியா என்ற கோபத்தில் நான்கு வருடத்துக்கு முந்தைய நோட்டை இழுத்துப் போட்டுப் புரட்டினாள். அவள் கையெழுத்திலேயே, சிவப்பு மையில் இருந்தது: ஒரு கூண்டு, நான்கு எலிகள், இரண்டாவது ஊசி நான்கு நாள் தாமதம், கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தேதி தப்பிய எலியைச் சேர்க்காமல் விடுவது இந்த வேலையில் ஏமாற்று இல்லை, ஒழுங்கு. எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவர் தன் அம்மாவின் ஆபரேஷனுக்காக லீவு போட்டிருந்தார். மாற்றாள் ஒரு கூண்டை மறந்துவிட்டான். இவர் திரும்பி வந்து ஏழாம் நாள் போட்டார். அதெல்லாம் எழுதியிருந்தது. ஊசிக்குப் பிறகு என்ன ஆயிற்று என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. டிரைவருக்கும் இன்றைக்கு ஏழாம் நாள். நோட்டை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு ஓடினாள்.

எலிக்கூடத்துக்காரர் கூண்டு கழுவிக்கொண்டிருந்தார். அந்த நாலும் என்ன ஆச்சு, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள்.

"இருக்கு மேடம். ஊசியை எடுக்கறதுக்குள்ளயே மூணு எலிக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சிடுச்சு. பத்து நிமிஷம் தாங்கல. ஒண்ணுதான் பிழைச்சது."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்ல வந்தேன். தேதி தப்பினதப் பத்தி எனக்கு எதுவும் வேண்டாம்னு சொல்லிட்டீங்க."

அவர் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், மறுபடி குழாயைத் திறந்தார். அவளுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

மணி ஒன்பது ஐம்பது. ஊசி பத்தரைக்கு. ஆஸ்பத்திரியில் சோதனையை நடத்தும் பெரிய டாக்டரின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது, வார்டைச் சுற்றுகிற நேரம். வார்டு போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க நாதியில்லை. வாசலில் முதலில் வந்த வாடகைக் காரில் ஏறினாள். முன்னால் போன லாரி ஒவ்வொரு திருப்பத்திலும் யோசித்து யோசித்துத் திரும்பியது. போனும் கையுமாக அவள் பத்தொன்பது தடவை அடித்துப் பார்த்தாள். எண்ணுகிற வழக்கம் அந்த நேரத்திலும் விட்டபாடில்லை. அந்த பஸ் டிரைவரின் மார்பு மூச்சுக்குத் திணறி ஏறி இறங்குவது கண்ணுக்குள்ளேயே நின்றது.

படியேறி வார்டுக்குள் நுழைந்தபோது பத்து முப்பத்தெட்டு. டிரைவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கை நரம்பில் குழாய் ஏறியிருந்தது. மருந்துக் குப்பி மேசை மேல் இருந்தது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தால் அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகே போட வேண்டும் என்று அவள் ஒரு விதி வைத்திருந்தாள். நர்ஸுகள் அதற்காகவே அவளைத் திட்டுவார்கள். இன்னும் ஆறு நிமிஷம் பாக்கி என்றாள் நர்ஸ். கொழுப்பக்கா குப்பியை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

ஊசி வேண்டாம் என்று அவள் சொன்னதும் பெரிய டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். மூன்று எலி, அதுவும் நான்கு வருடத்துக்கு முன், எழுத்தில்கூட இல்லை, வேலைக்காரர் வாய் வார்த்தை. இதை நம்பி நன்றாகி வருகிற மனுஷனை நிறுத்தச் சொல்கிறீர்களா என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

"இன்னிக்குப் போடலன்னா இவர் சோதனையிலிருந்தே வெளிய. தெரியும்ல?"

"தெரியும் டாக்டர். போட்டா இந்த ரூமை விட்டே வெளிய வராம போகலாம்."

பன்னிரண்டு மணி வரை பொறுப்பதாக அவர் ஒத்துக்கொண்டார். டிரைவரிடம் கொஞ்சம் ரத்தம் எடுத்தார்கள். கீழே ரத்தப் பரிசோதனை அறையில் அதோடு குப்பி மருந்தில் ஒரு சொட்டைக் கலந்து வைத்தார்கள். உடம்பு ஆயுதம் தயார் செய்திருந்தால் அந்தக் குழாயிலேயே சண்டை மூண்டுவிடும், இயந்திரம் அதை அளந்து சொல்லிவிடும். நாற்பது நிமிஷம். அவள் உட்காரவில்லை. ஆயுதம் இல்லை என்று வந்தால் டாக்டர் முகத்தில் விழிக்க முடியாது, இருக்கிறது என்று வந்தால் அந்த மனுஷன் முகத்தில் விழிக்க முடியாது. எது வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வதென்றே அவளுக்குப் புரியவில்லை.

இயந்திரம் காட்டிய எண் இருக்க வேண்டியதைப்போல் பதினான்கு மடங்கு. பரிசோதனைக்காரர் கோளாறோ என்று மறுபடி ஓட்டினார். மறுபடியும் பதினான்குதான். பெரிய டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

டிரைவரிடம் சொல்ல வேண்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை. அவளே போனாள். கட்டிலின் கால்மாட்டில் டிரைவரின் மனைவி நின்றிருந்தாள். ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து, இனி இந்த மருந்து உங்கள் உடம்புக்கு ஆகாது, கையில் வந்த தெம்பு இரண்டு மூன்று வாரம் நிற்கலாம், அப்புறம் மெல்ல இறங்கும், பழைய மருந்துக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.  எல்லாம் சொல்லி முடிந்ததும் டிரைவர் கேட்டார்.

"அப்போ வியாழக்கிழமையே வந்திருந்தா?"

பொய் சொல்லிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. வந்திருந்தாலும் இதே கதிதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனுஷன் நிம்மதியாகத் தூங்குவார். நாக்கு புரளவில்லை. நான்கு எலிகளைச் சேர்க்காமல் விட்டதற்கே இந்தப் பாடு.

"வந்திருந்தா போட்டிருப்போம். ஒண்ணும் ஆகியிருக்காது. ஆனா தப்பு உங்களோடது இல்ல. ஏழு நாள் வரைக்கும் வரலாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டிரைவர் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்களை மடக்கினார், விரித்தார்.

"வரக்கூடாதுன்னு இல்ல மேடம்," என்றார். "புதன்கிழமை கை நல்லா பிடிப்பு வந்துடுச்சு. டிப்போல ஆள் பத்தல, பஸ் எடுக்கறியான்னு கேட்டாங்க. எட்டு மாசம் கழிச்சு வியாழக்கிழமைதான் வண்டி ஓட்டினேன்."